பரம்புக்காரன் சின்னராசு

சின்னராசு அடித்தால் ஒரே சத்தம்தான் கேட்கும். காய்ந்த மூங்கிலை முழங்காலில் வைத்து ஒடித்தது போல. அடிபட்டவன் கத்துவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி வரும். அந்த இடைவெளியில் மேல்தும்பக்காட்டு ஜனங்கள் அடக்கி வைத்திருந்த மூச்சை விடுவார்கள். ஆனது ஆயிற்று, இனி நம் வீட்டுக்கு இல்லை என்கிற மூச்சு.

ஏர் ஓட்டிய கொல்லையில் மண்கட்டி உடைந்து சமமாவதற்காக மாட்டுக்குப் பின்னால் கட்டி இழுக்கிற கனத்த பலகைக்குப் பரம்பு என்று பேர். மேல்தும்பக்காட்டில் அது கொல்லைக்கு மட்டுமானதில்லை. அம்மன் கோயில் முன்னால் இரண்டு கற்களின் மேல் ஒரு பழைய பரம்புப் பலகை கிடக்கும். ஊரில் எவனாவது எதிலாவது மற்றவர்களைத் தாண்டிவிட்டால் அது மிஞ்சல். தாண்ட உதவிய உறுப்பைப் பலகை மேல் வைக்க வேண்டும். கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலால் அடி விழும். வேகமாக ஓடுகிறவனுக்குக் கணுக்கால். குரல் மிஞ்சினவளுக்கு முன்பல். அடிக்கிறவனுக்குப் பரம்புக்காரன் என்று பேர்.

இது எப்படி வந்தது என்று கேட்டால் ஒரு கதை சொல்வார்கள். அண்ணன் கொல்லையில் சாமை இடுப்புக்கு நின்றதாம். தம்பி கொல்லையில் முழங்காலுக்குத்தான் நின்றதாம். தம்பி அண்ணனை வெட்டினான். அண்ணன் மகன் தம்பியை வெட்டினான். பங்காளிகள் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்து வெட்டிக்கொண்டதில் அந்த வருஷம் சாமை அறுக்க ஆளில்லாமல் கொல்லையிலேயே உதிர்ந்து போயிற்று. மீந்தவர்கள் அம்மன் கல்லில் கையடித்துச் சத்தியம் செய்தார்கள். இனி இந்த ஊரில் யாரும் யாரையும் மிஞ்சக் கூடாது.

அந்தச் சத்தியத்தை ஊர் நன்றாகவே காப்பாற்றியது. அந்த ஊரில் 'நல்லா இருக்குது' என்று யாரும் சொல்வதில்லை. சௌக்கியமா என்றால் 'எல்லாரும் போல' என்பார்கள். குழந்தை லட்சணமாகப் பிறந்தால் தீட்டு கழியும் முன்னே கன்னத்தில் ஒரு சூடு. புளியமரம் அதிகமாகக் காய்த்தால் அந்தக் கிளையை வெட்டி ஓடையில் தள்ளிவிடுவார்கள். எழுபத்தேழில் ஓட்டுப் போட்டபோது நின்ற மூன்று பேருக்கும் மேல்தும்பக்காட்டார் சரிசமமாகப் பிரித்துப் போட்டார்கள். கணக்குக்கு ஒரு ஓட்டு மீந்தது. அந்த ஓட்டுக்காரக் கிழவரைச் சாயங்காலம் வரைக்கும் மாட்டுக் கொட்டகையில் கட்டிப் போட்டு வைத்தார்கள். ஜீப்பில் வந்தவர்கள் ஊர்க்கவுண்டன் கோபால்சாமியைப் பிடித்துக் கேட்டார்கள்.

"இன்னா கவுண்டரே, யாருக்குத்தான் போட்டீங்க?"

"எல்லாருக்குந்தாங்க. யாரையும் நாங்க வுட்டுக் குடுக்கல."

கோபால்சாமியிடம் பட்டி நிறைய மாடு இருந்தது. ஊரில் பாதிக் கொல்லை அவனுடையது. அது மிஞ்சலில் வராது. கொல்லையும் மாடும் அம்மன் கொடுத்தது. மனுஷன் தன் கையாலும் காலாலும் வாயாலும் செய்வதுதான் மிஞ்சல்.

சின்னராசுவுக்கு மீசை முளைத்த காலத்தில் பழைய பரம்புக்காரன் செத்துப் போனான். புது ஆளை எடுக்க வேண்டும். ஊரில் இருந்த இளந்தாரிகளையெல்லாம் உயர வாக்கில் நிற்க வைத்தார்கள். நடுவில் சின்னராசு நின்றான். ஓட விட்டார்கள். நடுவில் வந்தான். பாடச் சொன்னார்கள். அவன் பாடினானா என்று யாருக்கும் ஞாபகமில்லை. கோபால்சாமி அவன் தோளைத் தட்டி, "நீதான்டா எல்லாரும் போல கீறே" என்றான். வாழ்நாளில் சின்னராசுவுக்கு ஊர் கொடுத்த ஒரே பட்டம் அது.

முதல் அடி ரங்கசாமிக்கு. மலைப்பாறையில் கொடியைக் கட்டி இறங்கித் தேன் எடுக்கிறவன். மற்றவர்கள் பார்க்கவே பயப்படும் பாறையில் விசிலடித்துக்கொண்டு இறங்குவான். குதிகாலை வைக்கச் சொன்னார்கள். சின்னராசு அழுதுகொண்டே அடித்தான். முதல் அடி வழுக்கி விட்டது. அடுத்தது கணுக்காலில் விழுந்தது. அதற்கடுத்தது எங்கே விழுந்தது என்று அவனுக்கே தெரியாது, கண்ணை மூடியிருந்தான். எலும்பு வெளியே வந்துவிட்டது. ரங்கசாமியின் கால் அழுகிற நாற்றம் காற்றடிக்கிற பக்கமெல்லாம் போயிற்று. நாய்கள் அவன் வீட்டைச் சுற்றிப் படுத்துக் கிடந்தன. அடைமழை பிடிப்பதற்குள் அவன் செத்துப் போனான். சாவு வீட்டில் அவனுடைய அம்மா சின்னராசுவுக்கும் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். அதை வாங்கி அவனால் குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

அதன் பிறகுதான் அவன் ஆட்டுக்கால்களைச் சேர்க்க ஆரம்பித்தான். ஊரில் ஆடு வெட்டினால் கால்களைக் கேட்டு வாங்கி வருவான். வீட்டுக்குப் பின்னால் மூங்கில் புதருக்குள் உட்கார்ந்து தோலை உரித்து, மூட்டை விரல்களால் தடவித் தடவிப் பார்ப்பான். எந்த இடத்தில் தட்டினால் விரிசல் விடும், எங்கே தட்டினால் நொறுங்கும், எங்கே தட்டினால் நரம்பு போகும் என்று அடித்து அடித்துப் பார்ப்பான். பழகுவதே அந்த ஊரில் பாதி மிஞ்சல். அதனால் யாராவது கேட்டால் அவன் மனைவி பச்சையம்மா, "நாய்க்கு எலும்பு ஒடைக்கிறாரு" என்று சொல்லிவிடுவாள். அவர்கள் வீட்டில் நாய் கிடையாது.

வருஷங்கள் போகப் போக அந்த அடி வந்து சேர்ந்தது. ஒரே அடி. தோல் கிழியாது. மிஞ்சினது மட்டும் போகும், மனுஷன் மிச்சமிருப்பான். அடித்த கையோடு அவனே உட்கார்ந்து உளுத்தம் மாவையும் முட்டையின் வெள்ளையையும் குழைத்துப் பூசி மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுவான். பறை அடித்து மற்றவர்களை ஆட வைத்தவனின் மணிக்கட்டு அப்படித்தான் போயிற்று. அடுத்த வருஷம் அவன் மண்வெட்டி பிடித்தான். பறையை மட்டும் பிடிக்க முடியவில்லை. பரம்புக்காக நாள் குறிக்கப்பட்டவர்கள் ராத்திரியில் அவன் வீட்டுக்கு வந்து, "அண்ணா, வேற எவங்கிட்டயும் குடுத்துடாத. நீயே அடி" என்று கேட்டுக்கொண்டு போவார்கள்.

அவனுக்கு ஒரே பெண். நீலாவதி. அவளிடம்தான் மாட்டிக்கொண்டான்.

சாமை பால் பிடிக்கிற காலத்தில் கிளி ஓட்டுவதற்குப் பிள்ளைகளிடம் கவண் கொடுப்பார்கள். கயிற்றின் நடுவில் கல்லை வைத்துச் சுழற்றி விட வேண்டும். கல் எங்கேயோ போகும், சத்தத்துக்குக் கிளி பறக்கும். நீலாவதி விட்ட கல்லுக்குக் கிளி பறக்கவில்லை. விழுந்தது. சின்னராசு பரணுக்கு ஓடிப் போய், கிளியை மண்ணில் புதைத்துவிட்டு, அவளைக் கன்னத்தில் அறைந்தான்.

"தப்பா எறிடி."

"தப்பா எறியத் தெரியலப்பா."

"கத்துக்க. ஊரே தப்பாத்தான் எறியுது. உனக்கு இன்னா கேடு?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு எறிந்தாள். பட்டது. கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாள். அதுவும் பட்டது. அப்பனும் மகளும் விழுந்து கிடந்த கிளியைப் பார்த்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கும் ஒரு அறை வாங்கினாள். அன்றிலிருந்து யாராவது பக்கத்தில் இருந்தால் அவள் கவணைத் தொடுவதில்லை. பெரியவளாகி, கல்யாணப் பேச்சு வருகிற வரைக்கும் அப்படியே காலம் தள்ளினாள்.

எண்பத்தொன்றில் ஐப்பசி மாதம் காட்டுப்பன்றி இறங்கியது. சாமை முற்றி நின்றது. ஊரே வேலும் தடியுமாக வளைத்தது. ஒரு பெரிய ஒற்றைப் பன்றி விலாவில் வேல் குத்தி நிற்க, திரும்பி ஓடி வந்து கோபால்சாமியைத் தூக்கி எறிந்தது. தொடையைக் கிழித்தது. அவன் விழுந்த இடத்திலேயே அவன் மேல் நின்று மறுபடி தலையைத் தாழ்த்தியது. சுற்றிலும் வேலோடு அத்தனை ஆண்கள் நின்றார்கள். ஒருவனும் எறியவில்லை. எறிந்து பட்டுவிட்டால் பட்டவன் மற்றவர்களை மிஞ்சினவன். ஒவ்வொருவனும் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தான். கோபால்சாமி மண்ணை வாயில் வாங்கிக்கொண்டு, "எல்லாரும் சேந்து எறிங்கடா" என்று கத்தினான். சேர்ந்து எறிய ஒருவன் முதலில் கையைத் தூக்க வேண்டுமே.

பரணிலிருந்து ஒரு கல் வந்தது. பன்றியின் கண் இருந்த இடத்தில் ஒரு குழி விழுந்தது. அது கவுண்டன் மேலேயே சரிந்து, காலை இழுத்து இழுத்துச் செத்தது.

பன்றியைப் புரட்டி அவனை வெளியே இழுத்தார்கள். ரத்தத்தில் எது பன்றியுடையது எது அவனுடையது என்று தெரியவில்லை. அவன் கேட்ட முதல் கேள்வி, "யார்றா எறிஞ்சது?"

அவன் மனைவி பெரியம்மாள் அழுதுகொண்டே சொன்னாள். "சின்னராசு பொண்ணுங்க. நீலாவதி."

"எத்தினி கல்லு?"

"ஒரே கல்லுதான்."

கோபால்சாமி கிழிந்த தொடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான். "வெள்ளிக்கெழம அவளைக் கோயிலுக்கு வரச் சொல்லு."

"இன்னாங்க இது, உங்க உசுரக் காப்பாத்துன பொண்ணு."

"அதான்டி சொல்றேன். ஒரு காக்காவ அடிச்சிருந்தா பாக்காத மாதிரி போயிருப்பேன். இதை ஊரே பாத்துடுச்சே."

பன்றிக்கறியைச் சமமாகப் பங்கு போட்டார்கள். சின்னராசு வீட்டுக்கும் ஒரு பங்கு வந்தது. பச்சையம்மா அதை இலையோடு எடுத்துப் போய்ப் புதரில் வீசினாள்.

சின்னராசு மகளின் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலின் அடிமூட்டைத் தடவிப் பார்த்தான். ஆட்டுக்காலைப் பார்ப்பது போலவேதான் பார்த்தான்.

"இங்க, வெளிப்பக்கமா. எலும்பு மட்டும் போவும், நரம்பு நிக்கும். தை மாசத்துக்குள்ள ஒட்டிக்கும். கவணு பிடிக்க முடியாது, கரண்டி பிடிக்கலாம்."

"ஓடிப் போயிடலாம்பா. ஆலங்காயத்துல பீடி சுத்தப் போறவங்க எத்தினி பேரு கீறாங்க."

"நீ ஓடினா உங்கம்மா கையை வெப்பாங்க. மூணு பேரும் ஓடினா உங்க மாமன் வூட்டுல ஒருத்தர் கையை வெப்பாங்க. தெரியாதா உனக்கு?"

தெரியும். அவள் கையை அவன் மடியிலேயே விட்டாள். அப்பன் அடித்தால் கை பிழைக்கும். வேறு யார் அடித்தாலும் ரங்கசாமியின் கால்தான். அந்த வீட்டில் மூன்று பேரும் வேறு எதையும் நினைக்கவில்லை. அடி அவன் கையால் விழ வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் ஊர் கூடியது. கோபால்சாமியைக் கட்டிலோடு தூக்கி வந்து வைத்திருந்தார்கள். அன்றைக்குப் பரம்புக்கு இன்னொரு ஆளும் இருந்தான். ஆதிநாராயணன். யாருடைய குரலையும் அப்படியே எடுத்துப் பேசுவான். பன்றிக்குக் கீழே கிடந்து கவுண்டன் கத்தியதைப் பன்றி செத்த அன்றைக்கே ஏழெட்டுப் பேருக்கு முன்னால் செய்து காட்டி, அவர்கள் சிரித்த சிரிப்புக் கவுண்டன் கட்டில் வரைக்கும் கேட்டுவிட்டது. இரண்டு முன்பல் என்று முடிவாகியிருந்தது.

பச்சையம்மா பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பெரியம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. புருஷனைக் காப்பாற்றிய பெண் அல்லவா. கிட்டே வந்து பச்சையம்மாவின் தலையைத் தடவினாள்.

"அழாதடி. வேற எவனாவது அடிச்சாத்தான் பயம். உம் புருசன் அடிச்சா அடுத்த அறுப்புக்குக் கை வந்துடும். அவனாட்டம் சுத்தமா அடிக்கறவன் இந்த மலையிலயே இல்ல."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ஊரில் அத்தனை வருஷமாக யாரும் யாரைப் பற்றியும் சத்தமாகச் சொல்லாத சொல் அது.

கட்டிலிலிருந்து கோபால்சாமி எழுந்து உட்கார்ந்தான். "இன்னா சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலைங்க."

"அவனாட்டம் யாரும் இல்லன்னியே."

அவள் கூட்டத்துக்குள் நழுவப் பார்த்தாள். மற்றவர்கள் பேச ஆரம்பித்தார்கள். அவளைக் காப்பாற்றத்தான் பேசினார்கள். பறை அடித்தவன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டி, "அக்கா பொய் சொல்லலைங்க. எனக்கு அடிச்சப்ப முள்ளு குத்துன மாதிரிதான் இருந்துச்சு" என்றான். முன்பல் இல்லாத ஒருத்தி, "எனக்கு ரத்தமே வரலையே" என்றாள். "எங்கண்ணன் ரெண்டு மாசத்துல ஏர் ஓட்டினான்." "அவரு கை பட்டா கொழந்த கூட அழாது." ஒவ்வொருவரும் நன்றியோடு சொன்னார்கள். சொல்லச் சொல்ல சின்னராசு கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டான்.

"போதும்" என்றான் கோபால்சாமி. "சின்னராசு, கையை வெய்."

"வெக்கிறேங்க. பொண்ணு வேலையை முடிச்சிட்டு வெக்கிறேன்."

"அது எப்படி? மிஞ்சின கையால பரம்பு போட்டா ஊரு ஒத்துக்குமா? ரெண்டு பேருக்கும் சுப்பிரமணி போடுவான்."

சுப்பிரமணி கவுண்டனின் அக்காள் மகன். எருமை மாதிரி உடம்பு. மாடு கட்ட முளை அடிக்கப் போய்த் தன் கால் விரலை அடித்துக்கொண்டவன். "எனக்கு வராது மாமா" என்றான்.

"அதாலதான்டா உன்னைக் கூப்டறேன்."

சின்னராசு முதல்முறையாக ஊரைப் பார்த்துப் பேசினான். "எனக்கும் வராதுங்க. இவங்க வாய்க்கு வந்ததைச் சொல்றாங்க. ஏதோ நல்ல நேரம், ஒட்டிக்கினு போச்சு. தோ ஆதிநாராயணன் நிக்கிறான். அவனுக்குப் போடறேன். பாத்துட்டுச் சொல்லுங்க."

கோபால்சாமி சுற்றிலும் பார்த்தான். ஜனங்கள் தலையாட்டினார்கள். அவர்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஆதிநாராயணன் தானாகவே வந்து மண்டியிட்டு முகவாயைப் பலகை மேல் வைத்தான். "மாமா, ரெண்டு பல்லுதானே. மூணாவதா ஒண்ணு போச்சுன்னா எம் பொண்டாட்டி ரத்தினம்மா உன்ன வுடமாட்டா" என்று கவுண்டன் குரலிலேயே சொன்னான். கூட்டத்தில் ஓரிருவர் சிரித்தார்கள். சின்னராசு அவன் கண்ணைப் பார்க்காமல் கொட்டாப்புளியை எடுத்தான்.

முதல் அடி தாடையின் பக்கவாட்டில் விழுந்தது. ஈரச் சத்தம். அந்தச் சத்தம் மேல்தும்பக்காட்டுக்குப் புதிது. ஆதிநாராயணனின் தலை பலகையிலிருந்து கீழே போயிற்று. சின்னராசு முடியைப் பிடித்துத் தூக்கி மறுபடி வைத்தான். இரண்டாவது அடி மூக்கையும் மேல் உதட்டையும் சேர்த்துக் கொண்டு போயிற்று. அடிபட்டவன் 'மாமா' என்று சொல்லப் பார்த்தான். சொல்வதற்கு வாய் இருக்க வேண்டிய இடத்தில் குமிழ் குமிழாக ரத்தம் வந்தது. மூன்றாவது அடி தேவையே இல்லை. அடித்தான். பல்லும் எலும்புமாகப் பலகை மேல் சிதறியதை ஒரு கோழி வந்து கொத்திப் பார்த்துவிட்டுப் போயிற்று.

ரத்தினம்மாள் ஓடி வந்து புருஷனின் தலையை மடியில் போட்டுக்கொண்டாள். கூட்டம் மூச்சு விட்டது.

"பரவால்ல" என்றார்கள். "எல்லாரும் போலத்தான் அடிக்கிறான்."

"ஆமா, வீணா பேசிட்டாங்க."

கோபால்சாமி படுத்துக்கொண்டான். அவனுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. "சரி, உன் கை உங்கிட்டயே இருக்கட்டும். உம் பொண்ணுக்கு நீயே போடு."

நீலாவதி வந்து உட்கார்ந்தாள். பலகையில் கை வைக்கக் காய்ந்த இடமில்லை. ரத்தத்தின் மேலேயே வைத்தாள்.

"நில்லுங்க" என்றாள் ரத்தினம்மாள். கத்தவில்லை. அவள் மடியில் ஆதிநாராயணன் மூச்சு விடும் சத்தம் ஓட்டைத் துருத்தி போலக் கேட்டது. "எம் புருசனுக்கு எப்படி விழுந்துச்சோ, அப்படியே அவளுக்கும் விழணும். அதே கை. அதே அடி. ஒண்ணு கூட வேணாம், ஒண்ணு கொறையவும் வேணாம். அதானே ஊரு?"

 கோபால்சாமியே தலையாட்டினான். "அவ சொல்றது சரிதான். பாத்துக்கினுதான் இருப்போம், சின்னராசு."

இதற்காகத்தான் அவன் ஒரு மனுஷனின் முகத்தை உடைத்தான். மகளின் கை தன் கைக்கு வர வேண்டும் என்று. வந்துவிட்டது. இப்போது அந்தக் கையை அதே மாதிரி நொறுக்க வேண்டும். நொறுக்காவிட்டால் தன் கை போகும். நொறுக்கினால் அவள் கை முழுசாகப் போகும், ஒருவேளை அவளே போவாள். கொட்டாப்புளியில் ரத்தம் வழுக்கியது. துண்டால் துடைத்தான். பிடியைத் துடைத்தான், முகப்பைத் துடைத்தான். அவன் துடைப்பதை எல்லாரும் பார்த்தார்கள்.

"அடிப்பா" என்றாள் நீலாவதி, அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

மூங்கில் ஒடிகிற சத்தம். ஒன்றே ஒன்று.

அந்தச் சத்தத்தை ஊர் அத்தனை வருஷமாகக் கேட்டிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டிருந்தவர்களுக்கும் தெரிந்துவிட்டது. நீலாவதி உதட்டைக் கடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். யாராவது பேசுவதற்குள் சின்னராசு உட்கார்ந்து, மடியிலிருந்து மாவை எடுத்து அப்பி, சிம்பு வைத்து, பச்சையம்மா கிழித்துக் கொடுத்த புடவைத் துணியால் சுற்றினான். அவன் கட்டி முடிக்கிற வரைக்கும் ஊர் காத்திருந்தது. அந்த ஊரில் அப்படியொரு மரியாதையும் இருந்தது.

"கட்டிட்டியா?"

"கட்டிட்டேங்க."

"கையை வெய்."

அவன் வலது கையைப் பலகை மேல் நீட்டினான். சுப்பிரமணி கொட்டாப்புளியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. "மாமா, எங்க அடிக்கணும்?" என்று சின்னராசுவிடமே கேட்டான்.

"மணிக்கட்டுல. கண்ணை மட்டும் மூடாதடா."

சுப்பிரமணி கண்ணை மூடிக்கொண்டான். முதல் அடி பலகையில் விழுந்து ஒரு சில்லு பெயர்ந்தது. அடுத்தது விரல்களில். அடுத்தது முழங்கைக்குக் கீழே. தோல் கிழிந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. சின்னராசு கத்தவில்லை. பிறகு கத்தினான். அவன் கத்தக் கத்த, நிறுத்தினால் இன்னும் கத்துவானோ என்று பயந்தவன் போலச் சுப்பிரமணி அடித்துக்கொண்டே போனான். கடைசியில் கொட்டாப்புளியின் பிடி முறிந்தது. அவன் அதைப் போட்டுவிட்டுக் கோயில் சுவரோரம் போய் வாந்தி எடுத்தான்.

மறுநாளே கை வீங்கிக் கறுத்தது. கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம் என்று கோபால்சாமியே சொன்னான், டோலிக்கு நாலு ஆளையும் கொடுத்தான். கம்பளியைக் கம்பில் கட்டி அதில் கிடத்தித் தூக்கினார்கள். நாலு பேரில் ஒருவனுக்கு மூட்டு வலி. சேர்ந்து தூக்கினால் மெதுவாக நடப்பவனின் நடைக்குத்தான் எல்லாரும் நடக்க வேண்டும். டோலி ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போவதற்குள் நீலாவதிக்குப் பைத்தியம் பிடித்தது.

"கொஞ்சம் வெரசா நடங்க மாமா. பஸ்ஸு பூடும்."

"இவனை வுட்டுட்டு நாங்க எப்படி முந்தறது? பேசாம வா."

"அப்ப எங்கப்பாவைக் கீழ எறக்குங்க."

இறக்கினார்கள். எதற்கென்று அவர்களுக்குத் தெரியவில்லை. பச்சையம்மாவுக்குத் தெரிந்தது. தன் மேல்துணியை அவிழ்த்துப் புருஷனை மகளின் முதுகோடு சேர்த்துக் கட்டினாள். மலையிலிருந்து விறகுச் சுமை சுமந்து இறங்கிப் பழகிய முதுகுதான். கட்டுப் போட்ட கையை மார்போடு ஒட்ட வைத்துக்கொண்டு நீலாவதி இறங்கினாள். முதலில் நடந்தாள். பாறை தாண்டியதும் ஓடினாள். அம்மா பின்னால் ஓடினாள். இன்னும் பின்னால், காலி டோலியைத் தோளில் வைத்துக்கொண்டு நாலு பேரும் அதே நடையில் வந்துகொண்டிருந்தார்கள்.

அவள் காதுக்குப் பக்கத்தில் சின்னராசுவின் மூச்சு சுட்டது.

"வெரலு நோவுதா?"

"நோவுதுப்பா."

"நோவணும். நோவலைன்னாத்தான் தப்பு." கொஞ்ச தூரம் போனபின், "எனக்கு நோவல" என்றான்.

பஸ் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் கையை முழங்கைக்கு மேலே எடுத்தார்கள். ஆனால் விஷம் அதற்குள் ஏறிவிட்டிருந்தது. காய்ச்சலில் அவன் ஆதிநாராயணனின் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தான். இரண்டு பல்லு, இரண்டு பல்லுதான் என்றான். பிறகு பேச்சு நின்றது. அடக்கம் செய்ய மேலே கொண்டு போக வேண்டாம் என்று பச்சையம்மா சொல்லிவிட்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் கட்டு மாற்ற நீலாவதியை உட்கார வைத்தாள் நர்ஸ் ஜெபகுமாரி. சின்னராசுவுக்குக் கை எடுத்தபோது கூட இருந்தவள். கட்டைப் பிரித்து, வீக்கம் வடிந்த விரலைத் தொட்டுப் பார்த்தாள். எலும்பு நேராக நின்றது. எங்கேயும் சீழ் இல்லை.

"உங்கப்பா கையை அப்படிப் பண்ணினானே, அந்தப் பாவிதான் இதையும் பண்ணினானா?"

"இல்லக்கா. இது எங்கப்பா அடிச்சது."

ஜெபகுமாரி அவள் முகத்தைப் பார்த்தாள். "அப்ப உங்கப்பாவ அடிச்சது?"

"ஊரு."

"ஊருன்னா யாரு? பயப்படாத. பேரைச் சொல்லு."

நீலாவதி சொல்ல ஆரம்பித்தாள். ஜெபகுமாரி விரலைக் கழுவி, மருந்து வைத்து, புதுத் துணி சுற்றி, முடிச்சுப் போட்டு முடித்தபோதும் அவள் பேர்களைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.